கோல்ஃப் டிரைவருக்கு ஸ்டீல் ஷாஃப்ட் (மட்டைத் தண்டு) ஏறுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்): கழற்றும் ஸ்லீவ் (தண்டைத் தலையோடு இணைக்கும் குழல்) உள்ள, தலை 460 சிசி அளவுள்ள டிரைவர் (மிக நீளமான மட்டை). கையிலிருக்கும் அயர்ன் (உலோகத் தகடுத் தலை மட்டை) ஸ்டீல் ஷாஃப்டைப் போடலாமா அண்ணே? 3-வுட்டுக்கும் (டிரைவருக்கு அடுத்த நீள மட்டை) அதே யோசனைதான்.

பதில்: வேண்டாம் தம்பி. அயர்ன் ஷாஃப்டின் முனை விட்டம் 0.355 அல்லது 0.370 அங்குலம், டிரைவர் ஸ்லீவ் துளை பெரும்பாலும் 0.335. துளையைக் குடைந்தால் சுவர் மெலிந்து, அடிக்கும்போது உடையும். வுட்டுக்கென்றே (டிரைவர், 3-வுட் மாதிரி மட்டைகள்) வரும் 0.335 ஸ்டீல் வாங்குங்க. சில 3-வுட்டில் 0.350 இருக்கும், அளந்து பாருங்க.

பதில்: நீளத்தைக் கவனிங்க. கிராஃபைட் ஷாஃப்ட் சுமார் 60 கிராம், ஸ்டீல் 120. 45.5 அங்குலத்திலேயே விட்டால் கனத்தில் வீச்சு தளரும், 43.5 போதும். அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங்வெயிட் (வீசும்போது தலைப் பக்கம் தெரியும் கனத்தின் அளவு) சுமார் 3 புள்ளி இறங்கும். முனையை வெட்டினால் விறைப்பு கூடும், அதனால் பிடிப் பக்கத்தில் வெட்டுங்க.

பதில்: ஒட்டும் முன் முனையின் குரோம் பூச்சை முழுக்கச் சுரண்டணும். வழவழப்பில் எப்பாக்சி பசை பிடிக்காது, தலை கழன்று பறக்கும், ஆளுக்கே ஆபத்து. ஒட்டியபின் 24 மணி நேரம் தொடாதீங்க.