பிள்ளைகள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிவிட்டார்கள்; தாத்தாவிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: காட்பாடி அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் செவிலியராக வேலை பார்க்கிறார்; பிள்ளைகள் இருவரும் அவரிடம் இருக்கிறார்கள். அம்மா காலமான பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், நான் இரண்டு ஆண்டுகளாகக் காட்பாடியில் தங்கி, கணினி வழியாக என் வேலையைக் கவனித்துவருகிறேன். சென்ற சனிக்கிழமை 13 வயது மகளும் 10 வயது மகனும் அங்கே வேட்டைக்குச் செல்வோருக்கான பாதுகாப்புப் பயிற்சியை முடித்துத் தேர்வில் வெற்றி பெற்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

முதலில் இதன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைக்குப் போக இந்தப் பயிற்சி தேவை. 9 வயது நிறைந்தால் சான்றிதழ் பெறலாம். என் பிள்ளைகள் வேட்டைக்குப் போகப்போகிறார்கள் என்பதற்காக மனைவி இதில் சேர்க்கவில்லை. அந்த ஊரில் பிள்ளைகளின் நண்பர்கள் வீடுகளில் பாதிக்குமேல் துப்பாக்கி இருக்கிறது, நவம்பர் மாதம் வந்துவிட்டால் பள்ளியில் மான் வேட்டையைத் தவிர வேறு பேச்சே இல்லை. ‘கிணற்றுமேட்டில் விளையாடப் போகிற பிள்ளைக்கு முதலில் நீச்சல் கற்றுத்தர வேண்டாமா?’ என்று அவர் கேட்டார். அவர் பிறந்து வளர்ந்தது கிணற்றுப் பாசனம் நடக்கும் குடியாத்தம் பக்கம் என்பதால் அப்படித்தான் அவருக்கு உவமை வரும்.

என்னை நெகிழவைத்தது சான்றிதழ் அல்ல. மனைவி அனுப்பிய காணொளியில் பிள்ளைகளைப் புதர்க்காட்டு ஒற்றையடிப் பாதையில் அழைத்துச் செல்கிறார்கள். அங்கங்கே மான் உருவப் பொம்மைகளை நிறுத்திவைத்து, ‘சுடுவாயா, மாட்டாயா?’ என்று பயிற்றுநர் கேட்கிறார். ஒரு மேட்டின் உச்சியில் கொம்பு விரித்த கலைமான் பொம்மை ஒன்று வெகு அழகாக நிற்கிறது. என் மகன் ஆசையோடு துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினான், பிறகு மெதுவாகக் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தி, ‘மாட்டேன், அதற்குப் பின்னால் வெறும் வானம்தான் இருக்கிறது’ என்றான். மேட்டின் முகட்டில் நிற்கும் விலங்கைச் சுட்டால், தவறிய குண்டைத் தாங்க மண்ணோ மரமோ இராது, மறுபக்கச் சரிவில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. சாதாரண .22 துப்பாக்கிக் குண்டே ஏறத்தாழ ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. பாலாற்றின் இக்கரையில் நின்று சுட்டால் அக்கரையையும் தாண்டிப்போகும்.

அப்பாவோ, ‘உயிரைக் கொல்றதுக்கு ஒரு பரீட்சையா? அதுல பாஸ் வேறயா?’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் மாதந்தோறும் கிருத்திகைக்கு வள்ளிமலை ஏறுபவர், புலால் உண்ணாதவர். பிள்ளைகள் அடுத்த மாதம் விடுமுறைக்கு இங்கே வருகிறார்கள். அதற்குள் இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ‘ஹண்டர் எஜுகேஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொன்னால் அவர் காதில் கொலையாக விழாது? உறவினர் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: அமிர்தி சாலை

தம்பி, நான் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், பணிக்காலத்தின் பெரும்பகுதி ஜவ்வாது மலை அடிவாரத்தில் கழிந்தது. உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இரவில் திருட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். வெளிச்சம் பட்டால் தெரிவது இரண்டு கண்கள் மட்டுமே. சில சமயம் கண்கூடத் தெரியாமல், புதர் அசைவதை மட்டும் பார்த்துச் சுட்டுவிடுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சுட்ட ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அங்கே விழுந்து கிடந்தது காட்டுப்பன்றி அல்ல, அவனுடைய சொந்த மைத்துனன். மறுநாள் காலையில் அந்த இடத்துக்குச் சென்றவர்களில் நானும் ஒருவன். சுட்டவன் அழவே இல்லை, துப்பாக்கியை எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விசையில் விரலை வைக்காதே என்பது உங்கள் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்பட்டிருக்கும். அவனுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

தீனிக்குள் வெடியை மறைத்து, அதாவது அவுட்டுக்காய் வைத்துப் பன்றி பிடிப்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. தாடை சிதறிய பசுவைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1937-இல் வந்த ஒரு சட்டப்படி நீள்குழல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு வரி விதித்து, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குத் தருகிறார்கள், பிற்காலத்தில் இத்தகைய பயிற்சிகளுக்கும் அதிலிருந்தே பணம் போகிறது. அவர்கள் முறை நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; நம் காட்டின் பரப்பும் மக்கள் நெருக்கமும் வேறு. ஆனால் உங்கள் அப்பா நினைப்பதுபோல் அது கொலைக்கான பரீட்சை அன்று.

பதில் 2: குடியாத்தம் மருமகள்

அண்ணா, நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் 10 வயதில் ஒரு மகன் இருக்கிறான். காலையில் போட்ட செருப்பை மாலையில் எங்கே விட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. அந்த வயதுப் பிள்ளையின் கையில் துப்பாக்கி என்பதை எந்த விளக்கம் சொன்னாலும் என் மனம் ஏற்கவில்லை, உங்கள் மாமனார் வீட்டுப் பக்கத்துக் கிணற்று உவமை உட்பட. நீச்சல் கற்ற பிள்ளைக்கு வரும் ஆபத்து அவனோடு போகும், துப்பாக்கி அப்படியா? பயிற்சி பெற்ற பிள்ளை கவனமாக இருப்பான், சரி. அந்த நண்பர்கள் வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைக்கிறார்களா என்பதை உங்கள் மனைவி ஒவ்வொரு வீட்டிலும் வெட்கப்படாமல் கேட்கட்டும். பெருமையை விட அந்தக் கேள்விதான் இப்போது அவசியம் என்று எனக்குப் படுகிறது.

படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்ட பத்தாவது நிமிடத்தில் அது எந்தத் தலைப்போடு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இது மிக முக்கியம். குறிசுடும் இடத்தில் கீழே கிடக்கும் பித்தளைக் காலிக் கூடுகளைப் பிள்ளைகள் ஆசைக்குப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். விமான நிலையச் சோதனையில் பைக்குள் தோட்டாவோ காலிக் கூடோ அகப்பட்டால், விளையாட்டுப் பொருள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படைக்கலச் சட்டம், காவல் நிலையம், வழக்கறிஞர் என்று விடுமுறை முழுவதும் அதிலேயே போய்விடும். பெட்டி கட்டும் முன் பென்சில் டப்பா வரை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: பள்ளி என்.சி.சி.

வேலூரில் ஒரு பள்ளியில் என்.சி.சி. பொறுப்பாசிரியராக இருக்கிறேன். ‘அந்த வயதில் துப்பாக்கியா’ என்று கேட்கும் சகோதரிக்கு ஒரு சொல்: நம் ஊரிலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஏ’ சான்றிதழுக்காக .22 ரைஃபிளைத் தொடுகிறார்கள். தரையில் குப்புறப் படுத்து, 25 கெஜத் தூரத்தில் உள்ள இலக்கைச் சுடுகிறார்கள். பெற்றோர் வந்து பார்த்துக் கண்கலங்குகிறார்கள். அங்கே பெருமை, இங்கே பதற்றம் என்பது சற்று நியாயமற்றது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கும் 10 வயதுப் பையனுக்கும் இடையே மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

சுடுவதற்குக் கற்றுத்தரும் நேரம் மிகக் குறைவு. போல்ட்டை இழுத்துத் தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது, வரிசையில் நிற்கும்போது குழல் எங்கே நோக்குகிறது என்று கவனிப்பது, கட்டளை வரும் வரை விரலை விசைக் காப்புக்கு வெளியே வைப்பது ஆகியவற்றுக்கே நாட்கள் போய்விடும். காலியாக இருக்கிறது என்று நான் இப்போதுதான் காட்டிய ரைஃபிளை மாணவனிடம் நீட்டுவேன். அவன் மறுபடி போல்ட்டை இழுத்துப் பார்க்காமல் வாங்கினால் திரும்பப் பிடுங்கிக்கொள்வேன். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுக்கும் ஒரே பாடம் அதுதான்.

துப்பாக்கியோடு போகும்போது முள்கம்பி வேலியைக் கடக்கும் பயிற்சி காணொளியில் இருக்கிறதா? எங்களிடம் அது கிடையாது, அறிய ஆவல்.

பதில் 4: பொன்னைக் கரை

மொழிபற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ‘வேட்டைப் பாதுகாப்பு’ என்றால் வேட்டையைப் பாதுகாப்பது என்றும் பொருள் கொள்ளலாம், உங்கள் அப்பா அப்படிக் கேட்டிருந்தால் அவர்மேல் பிழை இல்லை. ‘வேட்டையாடுவோர் விபத்துத் தடுப்புப் பயிற்சி’ என்று நீட்டிச் சொல்வது நேர்மையானது. ‘வேட்டை’ என்ற சொல்லையே விழுங்கிவிட்டுத் ‘துப்பாக்கிக் கவனப் பயிற்சி’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் உண்மை தெரிந்தால் பெரியவர் இரட்டிப்பாக வருந்துவார்.

அந்தச் சொல் அவருக்கு அந்நியமும் அன்று. அவர் மாதந்தோறும் ஏறும் வள்ளிமலையில், வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள் தினைப்புனம் காத்ததும், முருகன் வேடன் உருவில் அவளைத் தேடி வந்ததும் நம் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. வள்ளியின் கையில் இருந்த கவண் கிளிகளை விரட்டுவதற்காக இருந்தது. இதைச் சொல்லி அவரை வாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள், வென்றாலும் வீட்டில் சோறு இறங்காது. பேரனையே பேசவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: காட்பாடி அப்பா

எல்லோருக்கும் நன்றி. குடியாத்தம் சகோதரியின் அறிவுரைக்கு முதல் வணக்கம். மனைவியிடம் அன்றிரவே சொன்னேன். மகனின் பென்சில் டப்பாவில், ரப்பருக்கு அடியில், பஞ்சில் சுற்றிய காலிக் கூடு ஒன்று இருந்ததாம். தாத்தாவுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தானாம். இப்போது அது அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. பூட்டிவைப்பதுபற்றியும் மனைவி கேட்டுவிட்டார். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள், அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் இனிப் போவதில்லை. படத்தையும் குழுவில் போடவில்லை.

என்.சி.சி. ஆசிரியர் ஐயாவுக்கு: வேலிப் பயிற்சி இருக்கிறது, அதைச் செய்தவள் மகள். தோட்டாவை எடுத்துவிட்டு, அறையைத் திறந்து காட்டி, குழல் தன்னை நோக்காதபடி துப்பாக்கியை அடிக்கம்பிக்குக் கீழே தரையில் நகர்த்தி வைக்கிறாள்; பிறகு சில அடி தள்ளிப்போய் வேலியைக் கடந்து, சுற்றிவந்து அடிக்கட்டைப் பக்கமாக அதை எடுக்கிறாள். கம்பியில் பாவாடை மாட்டிக்கொண்டபோதும் அவசரப்படவில்லை. வீட்டில் அவள் இவ்வளவு பொறுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பொன்னைக் கரை ஐயா சொன்னபடி நேற்று மாலை நான் ஒதுங்கிக்கொண்டு, கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ‘மேட்டு மேல நின்ன மானை ஏன்டா விட்ட?’ என்று அவர் தொடங்கினார். பேரன் தன் அரைகுறைத் தமிழில், ‘பின்னாடி ஆகாசம் தாத்தா, அந்தப் பக்கம் யாராச்சும் தாத்தா நடந்து வந்தா?’ என்றான். அப்பா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளைகள் போட்டிருந்த அந்தப் பளீர் ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் எதற்கு என்று கேட்டார். மான் கண்ணுக்கு அந்த நிறம் பிரித்துத் தெரியாது, மனிதர் கண்ணுக்கு வெகு தொலைவிலேயே தெரியும் என்று மகள் விளக்கினாள்.

வேட்டையைப் பற்றி அவர் எண்ணம் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன்; ‘பாவம் பாவம்தான்’ என்று இன்று காலையிலும் சொன்னார். ஆனால் காப்பி குடித்து முடித்ததும், வரும்போது அந்தத் தொப்பியில் ஒன்றைத் தனக்கு வாங்கிவரச் சொன்னார். விடியும் முன் சித்தூர் சாலையில் நடக்கும்போது லாரிக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.