கசிவு ரியாக்டன்ஸ்: கணக்கும் சோதனையும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேட்டவர்:
வணக்கம். இரு சுருள் மின்மாற்றி ஒன்றின் கசிவு ரியாக்டன்ஸைக் (இரு சுருள்களையும் பிணைக்காமல் கசியும் காந்தப் பாயத்தால் வரும் மின்னெதிர்ப்பை) கணக்கிட்டதில் 1.7 சதவீதம் வந்தது. குறுக்குச்சுற்றுச் சோதனையிலோ (ஒரு சுருளின் முனைகளை இணைத்துவிட்டு, முழு மின்னோட்டம் பாயும் அளவுக்கு மட்டும் மற்றதில் மின்னழுத்தம் கொடுப்பது) 4.7 வருகிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். நாளை அறிக்கை தர வேண்டும், தவறு எங்கே?

மறுமொழி 1:
சுருள்களின் தடிமன், இடைவெளி, உயரம் எவ்வளவு? 4.7 என்பது மின்தடையும் சேர்ந்த இம்பீடன்ஸா, ரியாக்டன்ஸ் மட்டுமா?

மறுமொழி 2:
உள்ளகம் (சுருள்களுக்குள் உள்ள இரும்பு) தெவிட்டியிருக்கும், அதாவது அதில் காந்தப் பாயம் மேலும் எளிதில் ஏறாத நிலை வந்திருக்கும். எனக்குத் தெரிந்து இத்தகைய வேறுபாடுகளுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

மறுமொழி 3:
குறுக்குச்சுற்றுச் சோதனையில் கொடுப்பதே முழு மின்னழுத்தத்தில் 4.7 சதவீதம்தான், அதில் உள்ளகம் எப்படித் தெவிட்டும்? கசிவுப் பாயத்தின் பாதையை நிர்ணயிப்பது சுருள்களும் இடைவெளியுமே என்பதால் அது மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இருவரும் அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும்.

கேட்டவர்:
இம்பீடன்ஸ்தான், மின்தடை 1 சதவீதம். சுருள்கள் 30, 36 மி.மீ.; இடைவெளி 12; உயரம் 500. இடைவெளியில் உள்ள பாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுமொழி 1:
அங்கேதான் விடுபட்டிருக்கிறது. சுருளின் ஒரு விளிம்பில் சுழியாக இருக்கும் ஆம்பியர்-சுற்றுகள் (மின்னோட்டம் × சுற்றுகளின் எண்ணிக்கை) தடிமன் நெடுக ஒரே சீராக ஏறி, இடைவெளியை ஒட்டிய விளிம்பில் முழு அளவை எட்டுகின்றன. காந்தப்புலமும் அப்படியே ஏறுகிறது. ஆற்றல் புலத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சுருளின் தடிமனிலும் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் சேர வேண்டும். 12 + 10 + 12 = 34 மி.மீ. உங்கள் 1.7-ஐ 34/12-ஆல் பெருக்கினால் 4.82. சுருள் முனைகளில் புலம் விரிவதற்கான ரோகோவ்ஸ்கி காரணி இங்கே 0.95; பெருக்கினால் 4.58. சோதனை மதிப்பிலிருந்து மின்தடையைப் பிரித்தாலும் ரியாக்டன்ஸ் √(4.7² − 1²) = 4.59தான்.

மறுமொழி 4:
இதைச் சமச்சுற்றில் (மின்மாற்றிக்குப் பதிலாகக் கணக்குக்கு வரையும் சுற்றில்) முதன்மைச் சுருளுக்குப் பாதி, துணைச் சுருளுக்குப் பாதி எனப் பிரித்துவிடுங்கள்.

மறுமொழி 3:
அந்தப் பாதி வெறும் வழக்கம். குறுக்குச்சுற்றுச் சோதனை மொத்தத்தை மட்டுமே தரும்.

மறுமொழி 4:
சாதாரணச் சுமைக்கு அது பொருட்டில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்மாற்றியை இணைக்கும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிடும்போது உள்ளகம் தெவிட்டிவிடுகிறது. அப்போது சமச்சுற்றில் உள்ளகத்தைக் குறிக்கும் காந்தமாக்கும் கிளையை எங்கே வைத்தோம் என்பது விடையையே மாற்றும். உள்சுருளும் வெளிச்சுருளும் ஒன்றல்ல.

மறுமொழி 3:
அது தனிக் கேள்வி. தனி இழையில் பேசலாம்.

கேட்டவர்:
தடிமனைச் சேர்த்து மீண்டும் போட்டேன், 4.58 வந்தது. அறிக்கையைத் திருத்திவிட்டேன். நன்றி.