கம்பு ஊனி கன்னைக் கெடுத்த கதை, உங்ககிட்டயும் இருந்தா சொல்லுங்க

பேராவூரணி பக்கம் நமக்கு. 2018 நவம்பர் 16 கஜா அடிச்சதுல தென்னை பாதிக்கு மேல படுத்துருச்சு. இனி ஒரே மரத்தை நம்பக்கூடாதுன்னு அடுத்த வருசம் மழை புடிச்சதும் மகோகனி, பலா, ஒட்டுமா எல்லாம் கலந்து நட்டேன். புயல் பயம் இருக்குல்ல, அதனால ஒவ்வொரு கன்னுக்கும் ஆள் ஒசரத்துக்கு மேல சவுக்கு கழி, தண்டோட ஒட்டி ஊனி, கீழ நடுவுல மேலன்னு மூணு எடத்துல நைலான் கயிறு போட்டு இறுக்கிட்டேன். பக்கத்து கொல்லை பெரியப்பா பாத்துட்டு "என்னடா, பாடையில கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்க"ன்னாரு. நான் கண்டுக்கல.

ரெண்டு வருசத்துல கழியை கரையான் அரிச்சு அடியோட ஒடிய ஆரம்பிச்சுது, சரி எடுத்துரலாம்னு ஒரு மகோகனில கயிறை அறுத்தேன். பத்தடி மரம், அறுத்த கையோட கீரைத்தண்டு மாதிரி வளைஞ்சு நுனி தரையைப் பாக்குது! ஒசரம் மட்டும்தான் போயிருக்கு, அடியும் நடுவும் ஒரே மொத்தம். சிலதுல கயிறு பட்டைக்குள்ளயே போயி அதுக்கு மேல வீங்கி கீழ சூம்பிக் கெடந்துச்சு, பேனாக்கத்தியால நோண்டித்தான் எடுத்தேன். அதுல ஏழு மரம் அடுத்து அடிச்ச காத்துலயே கயிறு இருந்த எடத்துல கரெக்டா ஒடிஞ்சுது.

இதுல கொடுமை என்னன்னா, கழி பத்தாம ஓரத்துல கட்டாம விட்ட பதினோரு கன்னு குட்டையா இருந்தாலும் அடி பெருத்து ஜம்முனு நிக்குது. அப்பறம்தான் விசாரிச்சேன், காத்துல ஆடுற ஆட்டத்துக்குத்தான் மரம் அடியைப் பெருக்குமாம், நாம ஆடவே விடலன்னா அதுக்கு என்ன தேவை இருக்கு.

---

உடுமலைங்க நமக்கு. இங்க பாலக்காட்டு கணவாய் காத்து, வைகாசி கடைசில புடிச்சா ஆவணி வரைக்கும் ஒரே பக்கமா தள்ளும். கம்பே ஊனாம வுட்டா கன்னு ஆடி ஆடி தூர்ப்பக்கம் மண்ணுல குழி வுழுந்து புது வேரெல்லாம் அறுந்துருமுங்க. அதனால எங்களுக்கு ஊனித்தான் ஆகோணும். ஆனா கட்டறது தண்டு ஆடாம இருக்க இல்லீங்க, வேர்க்கட்டி, அதாவது வேரும் அதை ஒட்டுன மண்ணும், அசையாம இருக்க.

நான் ரெண்டு கழி வெப்பேன், கன்னுக்கு ரெண்டு பக்கமும், காத்து வர்ற திசைக்கு குறுக்கால. வேர்க்கட்டிக்கு வெளிய கடப்பாரைல ரெண்டடி குழி போட்டு எறக்கிருவேன், அடிப்பக்கத்தை நெருப்புல கருக்கிட்டா கரையான் கொஞ்சம் தள்ளிப்போகும். கட்டறது கன்னு ஒசரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. கயிறு வேண்டாங்க, பஞ்சர் கடைல பழைய சைக்கிள் டியூப் கேட்டா சும்மாவே குடுப்பாங்க, ரெண்டு விரல் அகலத்துக்கு வார் மாதிரி அறுத்து, லைசென்ஸ் எடுக்க எட்டு போடுவோமில்லீங்க அதே மாதிரி கழியும் தண்டும் சுத்தி எட்டு போட்டு கட்டோணும். நடுவுல டியூப் குறுக்க வர்றதால கழி தண்டை உரசாது. கட்டி முடிச்சு கையில தள்ளிப் பாத்தா ரெண்டு மூணு இஞ்ச் ஆடோணும். வருசம் ஒண்ணு, அப்பறம் கழட்டிருவனுங்க.

---

அண்ணாச்சி உங்களுக்கு கம்பு ஒடிஞ்சுது, எனக்கு கம்பு முளைச்சுட்டு. கடையநல்லூர்ல வீட்டுக்குப் பின்னால மாங்கன்னு வச்சேன், கைக்கு கெடச்சுதேன்னு அப்பதான் வெட்டுன பூவரசங்கம்பை ஊனிட்டேன். சாரல் நல்லா விழுந்துச்சு, ஒரு மாசத்துல கம்புல இலை. அழகா இருக்குன்னு விட்டேன் பாருங்க, இப்ப பூவரசுதான் மரம், மாங்கன்னு அது நெழல்ல வெயிலுக்கு ஏங்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. வெட்டலாம்னா அம்மா விடமாட்டேங்கா, கொழுக்கட்டை அவிக்க இலை வேணுமாம். பூவரசு, கிளுவை, முருங்கை எதையும் பச்சையா ஊனிராதிய, காஞ்ச கம்பா பாத்து எடுங்க.

---

சென்னைல இருந்து. 2016 வர்தாவுல தெருவுல இருந்த மரமெல்லாம் போச்சு, மறுவருசம் நாங்களே காசு போட்டு புங்கன் வச்சோம். ஆர்வக்கோளாறுல நட்டு முடிச்சதுக்கு அப்புறம் இரும்புக் கம்பியை தண்டு பக்கத்துலயே சுத்தியலால அடிச்சு எறக்குனோம், அது நேரா வேர்க்கட்டிக்குள்ள போயிருக்கு, மூணு கன்னு அதுலயே அவுட். இன்னொண்ணு நல்லாதான் வளந்துச்சு, நாலாவது வருசம் சாதாரண மழைக்காத்துல சாஞ்சுருச்சு. புரட்டிப் பாத்தா வேர் எல்லாம் கன்னு வந்த கருப்பு பை என்ன ஷேப்போ அதே ஷேப்ல இடியாப்பம் மாதிரி சுருண்டே இருக்கு. அதுக்கு எந்தக் கம்பு வச்சிருந்தாலும் வேலைக்கு ஆகியிருக்காது. இப்பல்லாம் பையைப் பிரிச்சதும் சுருண்ட வேரை வெட்டிட்டுத்தான் குழில எறக்குறது.

பேராவூரணி சார், வளைஞ்ச மகோகனியை என்ன பண்ணீங்க?

---

நாலஞ்சு மரத்தை முழங்கால் ஒசரத்துல வெட்டி விட்டேன் தம்பி. ஏகப்பட்ட துளிர் வந்துச்சு, நேரா வந்த ஒண்ணை மட்டும் வச்சுட்டு மத்ததை கிள்ளிட்டேன், அது இப்ப கம்பே இல்லாம நிக்குது. பலாவுலதான் ரெண்டு மரத்துல கயிறை எடுக்க முடியல, பட்டை மூடிக்கிச்சு, முடிச்சு போட்ட நுனி மட்டும் நீலக் கலர்ல விரல் நீளத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.