புதுப்பிப்பு: தூங்கும் முன் என்ன இசை கேட்கலாம் என்று உங்களிடம் கேட்டிருந்தேனே, அது பற்றி

தேவனாம்பட்டினத்தில் அலைச்சத்தம் கேட்கிற வீட்டில் இருந்தும் தூக்கம் வரவில்லை, மனசு அடங்க என்ன இசை கேட்கலாம் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலரும் நீலாம்பரி என்றீர்கள். தாலாட்டுக்கே உரிய ராகம்தான், ஆனால் பாட்டு வந்தால் என் மனசு வரிகளின் பின்னாலேயே போய்விடுகிறது. அப்புறம் ஒருவர் சொன்னபடி வெறும் தம்புரா சுருதியை, அதாவது கச்சேரியில் பாட்டுக்குப் பின்னால் விடாமல் ஒலிக்கிற அந்த நாதத்தை மட்டும், போட்டேன். நாலு தந்தி, ப-ஸ-ஸ-ஸ என்று திரும்பத் திரும்ப அதே ஸ்வரங்கள், அவ்வளவுதான். தாளம் கிடையாது, அடுத்து என்ன வரும் என்று காத்திருக்க எதுவுமே இல்லை, அதனால்தான் மூச்சு தானாக நிதானமாகிறது என்று நினைக்கிறேன். சத்தத்தை அலைச்சத்தத்தைவிடக் குறைவாக வைத்து அரை மணிக்கு டைமர் போடுங்கள். இயர்போன் வேண்டாம். நேற்று அது நின்றதே எனக்குத் தெரியவில்லை. சொன்னவருக்கு ரொம்ப நன்றி.