ஹோம்ஸ்கூல் பெரிய பிள்ளைகளுக்கு என்ன விருப்பப் பாடம் வைக்கலாம்? (சேலம்)

அஸ்தம்பட்டி அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சேலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சர்ச் ஹாலில் கூடுகிறோம். சின்னவர்களாக இருந்தவரை கதை, கைவேலை, பாட்டு என்று ஓடிவிட்டது. இப்போது பெரும்பாலும் 13 முதல் 17 வயது. கணக்கு, அறிவியல், மொழியெல்லாம் அவரவர் வீட்டில் நடக்கிறது. வரும் ஜூன் முதல் வெள்ளிக்கிழமை மதியத்தை விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கலாம் என்று இருக்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தில் பட்டியல் போட்டோம். கோடிங், ரோபாட்டிக்ஸ், கிட்டார், பேக்கிங், போட்டோகிராபி என்று நீண்டுகொண்டே போனது. சொல்லித்தர யார் என்று கேட்டபோது சத்தமே இல்லை. ஒரு அப்பா, "பரீட்சைக்கு உதவாததற்கு எதற்கு நேரம்?" என்கிறார். ஒரு அம்மா, எந்தப் பாடமானாலும் வேதத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார். என் மூத்தவனுக்குச் செடி, மரம். மகளுக்குப் பாட்டு மட்டும்தான். பெரிய பிள்ளைகளுக்கு நடத்தியவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

நாகலூர் ஆன்ட்டி

தங்கச்சி, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். உங்கள் சபையிலும் தெருவிலும் ஒரு வேலையை உண்மையாகவே நன்றாகச் செய்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருக்குத் தெரிந்ததுதான் இந்த வருஷத்து விருப்பப் பாடம். முந்தின நாள் ராத்திரி வீடியோ பார்த்துவிட்டு வந்து நடத்தும் ரோபாட்டிக்ஸைவிட, காலமெல்லாம் ரம்பம் பிடித்தவர் சொல்லித்தரும் தச்சு வேலை எவ்வளவோ மேல். எதிரில் நிற்பவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னக் காபித் தோட்டம். மலையில் வீட்டுக்கல்வி பார்க்கும் குடும்பங்களின் பெரிய பிள்ளைகள் எங்களிடம் காபி படிக்க வருகிறார்கள். ஜூனில் செடியில் பச்சைக் காய் இருக்கும். ஆளுக்கு ஒரு வரிசையைக் கொடுத்துவிடுவோம், வருஷம் முழுக்க அது அவர்கள் பொறுப்பு. செப்டம்பரில் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு தாக்கிய செடிகளைத் தேட வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் அராபிகா வகைக் காபிக்கு அந்த வண்டுதான் பெரிய எதிரி. வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும், புழு கட்டைக்குள் துளைத்துப் போகும், வெளியே தண்டில் புடைப்பு தெரியும். அக்டோபரில் வண்டு பறக்கத் தொடங்குவதற்குள் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்தாக வேண்டும். வெயில் நேராக விழும் செடியைத்தான் அது அதிகம் தேடி வரும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களை ஏன் விட்டு வைத்திருக்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நவம்பரிலிருந்து பழம் எடுப்பு. பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை ஒதுக்குவார்கள். பல்ப்பர் மெஷினில் தோல் உரித்து, ஒரு நாள் ஒன்றரை நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகும்வரை கழுவி, களத்தில் போட்டுக் கிளறிக் கிளறிக் காய வைப்பார்கள். ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். புளிப்பு மீறினால் காபியில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பிள்ளைகள் காய வைத்த காபிக் கொட்டையை வறுத்து, அவர்களைத் தெரியாத ஒருவரிடம் குடிக்கக் கொடுப்போம். பெற்றோர் பாராட்டுவதில் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. மார்ச், ஏப்ரலில் பூ மழை (செடியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பெய்து பத்து நாள் போல ஆனதும் தோட்டம் பூக்கும், அதோடு எங்கள் வருஷம் முடியும்.

இதில் என்னைவிட நல்ல ஆசிரியர், பழம் எடுக்க வரும் மலையாளிப் பழங்குடி அக்கா ஒருவர். பச்சைக் காய்க்கு நடுவில் பழுத்ததை மட்டும் கிளை சிதையாமல் எடுக்க அவரிடம்தான் கற்க வேண்டும். அவர் சொல்லித்தரும் நாளுக்குத் தினக்கூலிக்குக் குறையாமல் குழுப் பணத்திலிருந்து கொடுக்கிறோம். பிள்ளைகள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேதத்தோடு சேர வேண்டும் என்ற அம்மாவிடம் யாத்திராகமம் 31ஐ வாசிக்கச் சொல்லுங்கள். ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே சொல்லப்படும் பெசலெயேல் பொன், வெள்ளி, மரம் எல்லாவற்றிலும் வேலை செய்தவன். பவுலுக்கும் கூடாரத் தொழில் தெரியும். ஜெபித்துத் தொடங்குங்கள், அப்புறம் வேலையை ஒழுங்காகச் செய்யவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு ஒரு வசனத்தை ஒட்ட வைத்தால் பிள்ளைகளுக்கு வசனமும் சலித்துப்போகும்.

சூரமங்கலம் அப்பா

ஆன்ட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், சிஸ்டர். பரீட்சை என்று கவலைப்படும் பிரதரிடம் என்ஐஓஎஸ் (பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி) பாடப் பட்டியலைக் காட்டுங்கள். பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், கூடுதலாக இரண்டு எடுக்கலாம். ஓவியம், மனையியல், கர்நாடக இசை, டேட்டா என்ட்ரி எல்லாமே அங்கே மார்க் உள்ள பாடங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருஷத்துக்கு இரண்டு தேர்வு, பதிவு ஐந்து வருஷம் செல்லும். என் மகள் ஓவியத்தை அப்படித்தான் எடுத்தாள். ஆனால் மேலே என்ன படிக்கப்போகிறார்கள், அதற்கு எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும் மார்க்குக்குள் கொண்டுவரவும் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையில் என் மச்சானுக்குக் கொலுசுப் பட்டறை. அங்கே அமிலமும் புகையும் உண்டு, பிள்ளைகளை வேலை செய்ய விடமாட்டோம். கணக்கு எழுத விடுவோம். 925 வெள்ளியில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வேறு உலோகம், சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, கடைசியில் பட்டறைக்கு நிற்பது எவ்வளவு? சதவீதக் கணக்கில் திணறிய பையன்கள் அங்கே தெளிந்தார்கள்.

இன்னொன்று. வெளியாள் வந்து நடத்தினால் நம் பெரியவர்கள் இரண்டு பேர் எப்போதும் கூட இருக்க வேண்டும். எவ்வளவு தெரிந்தவரானாலும்.

அயோத்தியாபட்டினம் பியானோ டீச்சர்

பாட்டு மட்டும்தான் என்ற பெண்ணுக்காக எழுதுகிறேன். சபைப் பாடகர் குழுவில் சொல்ஃபா (டோ-ரே-மி சுர எழுத்து) பார்த்து ஆல்டோ, டெனர் குரல்களில் பாடிய பெரியவர்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். நான்கு குரலில் ஒரு பாட்டு, பிறகு தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) ஒரு கீர்த்தனையை அதன் ராகத்தோடு. இரண்டும் நம் சபைகளின் சொத்து, இந்தப் பிள்ளைகள் வயதில் கைமாறாவிட்டால் போய்விடும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைப் பற்றியும் சொல்லுங்கள். சித்த மருத்துவம், விவசாயம், புகைப்படம் எல்லாம் பார்த்துக்கொண்டே தமிழிசையை ஆராய்ந்தவர் அவர்.

அஸ்தம்பட்டி அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று சபையில் விசாரித்தேன். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரும் டெனர் பாடிய ஒரு தாத்தாவும் சரி என்றிருக்கிறார்கள். ஆக, தச்சு, பாட்டு இரண்டோடு தொடங்குகிறோம். நாகலூர் ஆன்ட்டி, மூத்தவனையும் இன்னும் சிலரையும் காபிக்கு அனுப்பலாமா? வாராவாரம் மலையேறுவது எங்களுக்கு முடியாது.

நாகலூர் ஆன்ட்டி

வாராவாரம் வேண்டாம், தங்கச்சி. ஜூனில் வரிசை பிரிக்கும்போதும், செப்டம்பரில் துளைப்பான் தேடும்போதும், பழம் எடுக்கும்போதும் வந்தால் போதும், நடுவில் இங்குள்ள பிள்ளைகள் அவர்கள் வரிசையைப் பார்த்துக்கொள்வார்கள். முழுக்கைச் சட்டை, மூடின ஷூ கட்டாயம், மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி காலில் ஏறும். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக் கூட்டி வாருங்கள். மதியச் சாப்பாடு இங்கே.