புதுப்பிப்பு (2020, கொரோனா காலம்): தவணை, கூலி, மாஸ்க்

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன்; மெஷின் கடன் தவணையை இப்போது கட்டுவதா, கொரோனா ஊரடங்குக்காக ரிசர்வ் வங்கி தந்த மூன்று மாத அவகாசத்தை எடுப்பதா என்று 2020 ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

அவகாசத்தை எடுத்துக்கொண்டேன். பிறகு அதை 2020 ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். ஆனால் அவகாசத்திலும் வட்டி நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. கையில் பணம் இருந்தவர்களுக்குக் கட்டிவிடுவதே மேலாக இருந்தது. அப்புறம், 2020-இல் வந்த அரசு உத்தரவாதக் கடனுக்கும் (நாம் கட்டாவிட்டால் வங்கிக்கு அரசு பொறுப்பு) எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம், தனி அடமானம் வேண்டாம், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். வங்கி மேனேஜர் "பார்க்கலாங்க" என்கிறார்.

ஏற்றுமதி ஆர்டர் வரவில்லை. மிச்சத் துணியில் மாஸ்க் தைக்கிறோம். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின்களில் பாதி மூடிக் கிடக்கின்றன. பீஸுக்குக் கிடைப்பது சில்லறைதான். ஆனாலும் சனிக்கிழமை கூலி போட முடிகிறது. வேலை பார்த்த பீகார் பையன்கள் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். "ஆர்டர் வந்தா போன் பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நாங்கள் தைத்துக் கொடுத்த ஒரு கம்பெனியில் பழைய பில் பணம் மாட்டியிருக்கிறது. வாங்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்ற சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பேசினால் அந்தக் கம்பெனியின் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும்.