கொட்டேஜைப் பூட்டுவது எப்போது?

(கனடாவில் எங்கள் குடும்ப அரட்டைக் குழு. கொட்டேஜ் என்பது எங்கள் ஏரிக்கரைக் கோடை வீடு. லேபர் டே என்கிற செப்ரெம்பர் முதல் திங்கள் விடுமுறைக்கு முந்திய வியாழன் இரவு)

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். திங்கள் காலை பம்பை நிற்பாட்டி, குழாய்த் தண்ணீரை வடித்து, கொட்டேஜைப் பூட்டிவிடுவோம். செவ்வாய் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டீர்கள்.

சித்தப்பா: அண்ணை, அவசரப்படாதேங்கோ. தாங்ஸ்கிவிங் விடுமுறை வரைக்கும் விடுவோம். ஒக்ரோபர் இரண்டாம் திங்கள்தானே. செப்ரெம்பரில் ஒரு இரவு உறைபனி விழுந்தாலும் அதற்குக் குழாய் வெடிக்காது.

மாமி: ஓம். நுளம்பு இல்லாமல் வெளியே இருந்து தேத்தண்ணி குடிக்கிற காலமே அதுதான். இலை சிவக்கிற நேரத்தில் ஸ்காபரோவில் இருந்து என்ன செய்கிறது?

அண்ணா: படகை மட்டும் இந்தக் கிழமையே எடுக்க வேண்டும். பாருங்கள்.

அண்ணா: [படம்]

அண்ணா: படகு கட்டுகிற டொக் ஏணியின் கடைசிப் படிகூடத் தண்ணீரில் படவில்லை. படி முழுக்கப் பாசி காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஜூனில் சின்னன்கள் அதிலிருந்துதான் குதித்தார்கள்.

நான்: இந்த வருடம் மழை நல்லாகத்தானே பெய்தது? ஏன் இவ்வளவு இறங்கிவிட்டது?

சித்தப்பா: மழையைக் குறை சொல்லாதே பிள்ளை. ஹாலிபர்ட்டன் பக்கத்து ஏரிகள் பலதும் ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்குத் தண்ணீர் சேர்த்து வைக்கிற இடங்கள். எங்கள் ஏரியும் அதில் ஒன்று. ட்ரென்டனில் இருந்து ஜோர்ஜியன் குடா வரை 386 கிலோமீற்றர். கீழே படகு ஓட வேண்டும் என்றால் மேலே அணையைத் திறக்கத்தான் வேண்டும். கோடை முழுக்க இறக்கிக்கொண்டே வருவார்கள். வசந்தத்தில் பனி உருகித் திரும்ப நிரம்பும்.

பெரியப்பா: ஊரில் இரணைமடுக் குளத்தில் வயலுக்கு வாய்க்கால் திறக்கிற மாதிரி. அங்கே நெல் விளைந்தது. இங்கே பணக்காரர் படகு விடுகிறார்கள்.

அண்ணா: உங்களிடமும் படகு இருக்கிறது பெரியப்பா 😄

பெரியப்பா: அது ஆரோ பாவித்த படகு. கணக்கில் வராது.

அண்ணா: ட்ரெயிலரில் ஏற்றினால் கீழ் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், பாசியையும் பிடுங்க வேண்டும். 2022இல் இருந்து ஒன்ராறியோவில் சட்டம். ஒரு ஏரியின் சிப்பி மற்ற ஏரிக்குப் போகக் கூடாதாம்.

அக்கா: ஏரியில் அந்த லூன் பறவைக் குஞ்சு இன்னும் நிற்கிறதா?

மாமி: நிற்கிறது. தாயும் தகப்பனும் முதலில் தெற்கே போய்விடுமாம், குஞ்சு பிறகு தனியாகப் பறந்து போகுமாம்.

அக்கா: எங்கள் வீட்டில் மாறி நடக்கிறது. எங்கள் குஞ்சு சனிக்கிழமை படிக்க வாட்டர்லூ போகிறது. குளிர்சாதனப் பெட்டியையும் கேட்கிறது.

பெரியம்மா: 😂 பாவம், கொடுத்து விடு.

பெரியம்மா: பூட்டுகிறதோ இல்லையோ, குசினியை இப்பவே ஒதுக்குங்கோ. அரிசி, பருப்பு, மா ஒன்றும் வைக்க வேண்டாம். பென்சில் தடிப்பு ஓட்டை போதும் எலிக்கு. போன முறை மெத்தைக்குள்ளே கூடு கட்டி, என்னுடைய பருத்திச் சேலையைக் கிழித்துப் பரப்பியிருந்தது. தேங்காய்ப்பால் டின்னும் வேண்டாம், உறைந்தால் வீங்கி வெடிக்கும்.

மாமி: கறித்தூள்?

பெரியம்மா: கண்ணாடிப் போத்தலில் இருந்தால் இருக்கட்டும். அதை எலியும் தொடாது.

பெரியப்பா: சரி, தாங்ஸ்கிவிங் என்றே வைப்போம். ஆனால் வேலையை இப்பவே பிரித்துவிட வேண்டும். முதலில் சுடுதண்ணீர்த் தாங்கியின் மின்சார பிரேக்கரை நிற்பாட்டி, அதற்குப் பிறகுதான் தண்ணீரை வடிப்பது. மாறிச் செய்தால் உள்ளே இருக்கிற கம்பி எரிந்துவிடும். சிங்குக்குக் கீழே வளைந்த குழாய்க்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் உறையாமல் காக்கிற இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ் ஊற்ற வேண்டும். காருக்கு விடுகிறதைக் கொண்டுவர வேண்டாம், அது நஞ்சு. இதெல்லாம் நான் பார்க்கிறேன்.

நான்: கொட்டேஜ் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, கதவைத் துவாய் வைத்துத் திறந்துவிடுகிறது என் வேலை.

அண்ணா: கூரைத் தவாரத்தில் இலை அள்ளுகிறது நான்.

பெரியப்பா: ஏரிக்குள் இறங்கி, பம்புக் குழாயை இழுத்து எடுக்கிறது?

பெரியப்பா: ஆரும் இருக்கிறீர்களா?

மாமி: ஒக்ரோபர் தண்ணீரிலா 🥶

பெரியப்பா: தம்பி, தாங்ஸ்கிவிங் வரைக்கும் விடச் சொன்னது நீதானே.

சித்தப்பா: அண்ணை, என்னுடைய முழங்கால்...

பெரியப்பா: இடுப்பளவுதான். தண்ணீரும் இறங்கிவிட்டது, நீயே சொன்னாய்.

சித்தப்பா: மீன் பிடிக்கிறவர்கள் போடுகிற அந்த நீள ரப்பர்க் கால்சட்டை ஆரிடமாவது இருக்கிறதா? அளவு எக்ஸ்எல்.